கையால் அடித்த செப்புக்காசுகள்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாயக்கர் காலத்துச் செப்புக்காசை முதன்முதலாகக் கையில் வாங்குபவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காசு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். நந்தியின் திமில் தெரியும், முகம் தெரியாது. எழுத்தில் பாதி ஓரத்தோடு போயிருக்கும். உடனே அதை ஒதுக்கிவிட்டு, முழு உருவமும் பளிச்சென்று தெரியும் காசைத் தேடிப் போவார்கள். அந்தத் தேடல் பல நேரம் போலிக் காசில் போய் முடிகிறது.

இந்தக் காசுகளில் பாதி உருவம்தான் இயல்பு. முழு உருவம் அபூர்வம். ஒரே வகையைச் சேர்ந்த ஐந்தாறு குறைக்காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அச்சில் என்ன வெட்டியிருந்தார்கள் என்பது தெரியவரும். இதைப் புரிந்துகொண்டவருக்கு இந்தத் துறை கையில் இருக்கும் பணத்துக்குள்ளேயே பெரிய உலகத்தைத் திறந்துவிடும்.

எந்தக் காசுகள்?

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் ஆட்டம் கண்ட பிறகு, தெற்கே அதன் கீழிருந்த நாயக்கர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியரசுகள் ஆனார்கள். மதுரை நாயக்கர்கள் 1736 வரை, தஞ்சை நாயக்கர்கள் 1673 வரை. தஞ்சையில் அவர்களுக்குப் பின் மராத்தியர்கள் 1855 வரை. செஞ்சியில் ஒரு நாயக்கர் மரபு. ராமநாதபுரத்தில் சேதுபதிகள், புதுக்கோட்டையில் தொண்டைமான்கள், மைசூரில் உடையார்களும் இடையில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும், ஆற்காட்டில் நவாப்புகள். கடற்கரையில் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள், நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள், தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் என்று ஐரோப்பியக் கம்பெனிகளும் உள்ளூர் முறையிலேயே சிறு செப்புக்காசு அடித்தன.

வராகன் என்ற பொற்காசும் ‘பணம்’ என்ற அதைவிடச் சிறிய காசும் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு. சந்தையில் கீரைக்கும் உப்புக்கும் கைமாறியது செப்புக்காசு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. ஏழை எளியவர் பலர் வாழ்நாளில் வராகனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், ஆனால் இந்தக் காசு இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாள்கூடப் போயிருக்காது. நான் பொன்னை விட்டுச் செம்பின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம்.

அடித்த முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். கம்பட்டத்தில், அதாவது காசு அடிக்கும் சாலையில், இரண்டு அச்சுகள் இருக்கும். கீழச்சு மரக்கட்டையிலோ பட்டறைக் கல்லிலோ அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும். மேலச்சு கையில். நடுவே ஒரு செப்புத் துண்டை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. காசு தயார்.

அந்தச் செப்புத் துண்டு அச்சைவிடச் சிறியது. இந்தத் தொடரின் பெரும்பாலான சிறு காசுகளில் அப்படித்தான். அதனால் அச்சில் இருக்கும் படமும் எழுத்தும் முழுவதுமாகக் காசில் இறங்க வழியே இல்லை. துண்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு பகுதி விழும், வலப்பக்கம் நகர்ந்திருந்தால் வேறொரு பகுதி விழும். இதைத்தான் மேலே ‘பாதி உருவம்’ என்றேன்.

இந்த ஒரு முறையிலிருந்தே காசில் காணும் மற்ற குணங்களும் வருகின்றன. அடியின் வேகத்தில் செம்பு பரவும்போது ஓரத்தில் வெடிப்பு விழும். அது குறையல்ல, அடித்ததற்கான சாட்சி. கை நடுங்கி அச்சு இரண்டு முறை பட்டால் உருவம் இரட்டையாகத் தெரியும். சில நேரம் முந்தைய காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த துண்டை வைத்து அடித்தால், புதிய காசின் ஒரு பக்கத்தில் உருவம் சரியாகவும் மறுபக்கத்தில் அதே உருவம் குழிந்து, இடவலம் மாறியும் விழும். இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று பூட்டப்படாதவை. அதனால் முன்பக்கம் நேராக நின்றால் பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கலாம். சுத்தியலின் அடியை நேராக வாங்கும் மேலச்சு சீக்கிரம் தேய்ந்து உடையும், கீழச்சு கூடுதல் காலம் உழைக்கும். ஒரே முன்பக்க அச்சுக்கு இரண்டு மூன்று வேறு பின்பக்க அச்சுகள் ஜோடியாக வருவது இதனால்தான்.

முதல் காசுகளை வாங்குவது

ஒரே அரசை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தென்னிந்தியக் காசுகள்’ என்று மொத்தமாக இறங்கினால் ஆறு மாதத்தில் டப்பா நிறையும், தலையில் ஒன்றும் நிற்காது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சேதுபதி காசுகளையும் மதுரை நாயக்கர் காசுகளையும் பரிந்துரைப்பேன். இன்னும் எளிதாகத் தொடங்க வேண்டுமென்றால் புதுக்கோட்டை அம்மன் காசு இருக்கிறது. ஒரு பக்கம் அமர்ந்த பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று மூன்றே எழுத்து. முதலில் கையால் அடித்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைக்காசில் அம்மனின் தலையோ மடியோ ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும், இயந்திரக் காசில் விளிம்பு வட்டத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். இந்தத் துறையின் அடிப்படைப் பாடம் அந்த இரண்டு காசுகளிலேயே இருக்கிறது.

நாணயக் கண்காட்சிகளில் சாதாரண நாயக்கர் காசுகள் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அழகான ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் அதே வகையில் சுமாரான ஐந்தை வாங்குங்கள். வியாபாரிகள் ‘லாட்’ என்று கலந்து விற்கும் குவியலில் தேடுவது இன்னும் நல்லது. அங்கே ஒரே வகைக் காசுகள் வேறு வேறு கோணத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. செப்புப் பாத்திரத்தைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் துலக்கி வளர்ந்த கை நமக்கு. காசைக் கண்டதும் அதே கை பரபரக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் காசின் அருகில் வரக்கூடாது. பல நூற்றாண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலம்தான் எழுத்தின் கரைகளைத் தாங்கி நிற்கிறது. அமிலம் அதைத் தின்றால் எழுத்தும் சேர்ந்து போகும். மிஞ்சுவது புதுப் பாத்திரம் மாதிரி சிவந்து, வழவழவென்று, எதுவுமே படிக்க முடியாத ஒரு செப்பு வில்லை.

மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்பதே போதும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகியதும் மிக மென்மையான பல்துலக்கியால் ஒற்றி எடுங்கள். எழுத்தின் இடுக்கில் இருப்பதைக் கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியால், லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே நெம்புங்கள். ஊசி வேண்டாம். பிறகு நன்றாக உலர்த்துங்கள்.

பச்சை எல்லாம் ஒரே பச்சை அல்ல. கெட்டியாக, மினுமினுப்பாக, காசோடு ஒன்றியிருக்கும் பச்சை நல்லது. வெளிர்பச்சையாக, தொட்டால் பொடியாக உதிர்ந்து, துடைத்த சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூக்கும் பச்சை நோய். மண்ணிலோ கடற்கரையிலோ செம்பில் ஏறிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளேயிருந்து அரிக்கிறது. அப்படிப்பட்ட காசை உடனே மற்ற காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு தனி டப்பாவில் வையுங்கள். முக்கியமான காசு என்றால் அருங்காட்சியக வேதியியல் பிரிவில் ஆலோசனை கேளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அத்தகைய ஆய்வகம் இருக்கிறது.

பாருங்கள், அளவிடுங்கள், வரையுங்கள்

மேலிருந்து நேராக விளக்கு அடித்தால் தேய்ந்த காசு தட்டையாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்யுங்கள். பிறகு காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் இல்லாத கோடு அடுத்த கோணத்தில் நிழலோடு எழும். கிழக்கு வெளிச்சத்தில் வெறும் மேடாக இருந்தது வடக்கு வெளிச்சத்தில் நந்தியின் கழுத்து மணி என்று தெரியவரும். ஒவ்வொரு காசுக்கும் குறைந்தது நான்கு திசையில் படம் எடுங்கள்.

எடையை நகைக்கடைத் தராசு போன்ற சிறு டிஜிட்டல் தராசில் பத்து மில்லிகிராம் துல்லியத்தில் குறியுங்கள். சிறு காசுகள் பல இரண்டு முதல் நான்கு கிராமுக்குள் வரும். திப்புவின் யானைப் பைசா பதினொரு கிராமை ஒட்டி இருக்கும். விட்டம் ஒரே சீராக இருக்காது என்பதால் மிக நீளமான அளவையும் மிகக் குறுகிய அளவையும் எழுதுங்கள். முன்பக்கத்தை நேராகப் பிடித்து, காசைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பினால் பின்பக்கத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணிப் பக்கம் நிற்கிறது என்றும் குறியுங்கள்.

அடுத்தது வரைதல். பலரும் தவிர்த்துவிடும் இந்தக் கட்டம்தான் உண்மையான பலன் தருவது. காசின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதன் மேல் கண்ணாடித் தாளை வைத்து, நிச்சயமாகத் தெரியும் கோட்டை மட்டும் கருப்பு மையில் வரையுங்கள். ஊகிக்கும் கோட்டுக்கு வேறு நிறம். அடுத்த காசுக்கு இன்னொரு தாள், அதே அளவுப் பெருக்கத்தில். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் பொதுவாக உள்ள பகுதி, உதாரணமாக நந்தியின் முன்காலும் அதன் கீழுள்ள கோடும், பொருந்தும்வரை நகர்த்துங்கள். கோடுகள் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் இரண்டும் ஒரே அச்சு. முதல் தாளில் இல்லாத தலை இரண்டாவதில் இருக்கும், இரண்டாவதில் இல்லாத பிறை முதலாவதில் இருக்கும். ஐந்து தாள்களை அடுக்கினால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லனோ தட்டானோ இரும்பில் வெட்டிய முழு அச்சு உங்கள் மேசையில் எழுந்து நிற்கும். எந்த ஒரு காசிலும் முழுதாக இல்லாத உருவம் அது. எனக்கு இந்தத் துறையில் இதைவிடப் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை.

எழுத்தைப் படிப்பது

இந்தக் காசுகளில் தமிழ், தெலுங்கு, நாகரி மூன்றும் வரும். மதுரை நாயக்கர்கள் மூன்றிலுமே அடித்திருக்கிறார்கள். மைசூர்க் காசுகளில் கன்னடமும், திப்பு, நவாப் காசுகளில் பாரசீகமும் உண்டு. தெலுங்கில் இருபது, நாகரியில் இருபது எழுத்துகளைப் பழகினால் ஆரம்பத்துக்குப் போதும்.

தமிழ் எழுத்துக்காரருக்கும் ஒரு தடை இருக்கிறது. அன்றைய எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். மேல் வரியில் ‘சேது’, கீழ் வரியில் ‘பதி’ என்று அமையும் சேதுபதி காசை எடுத்துக்கொள்வோம். அதில் நீங்கள் இரட்டைச் சுழிக் கொம்பைத் தேடினால் கிடைக்காது, நம் கண்ணுக்கு அது ‘செது’ என்றுதான் தெரியும். துண்டு இடப்பக்கம் குறைந்திருந்தால் கொம்பே போய்விட்டு ‘சது’ என்று நிற்கும். கீழே குறைந்திருந்தால் பகரத்தின் மேல்முனைகள் இரண்டு கம்பங்களாக மட்டும் தெரியும். இப்போது அந்தக் கண்ணாடித் தாள் வேலைக்கு வரும். எழுத்தை ஊகித்துப் படிக்காமல், இன்னொரு காசில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக் காசு நல்ல பயிற்சி. ஒரு பக்கம் அல்லி மலர்ச் சின்னம், மறுபக்கம் ஊர்ப் பெயர் தமிழில். என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவதால் பழைய எழுத்து வடிவத்துக்குக் கண் சீக்கிரம் பழகும்.

திப்புவின் காசில் ஆண்டு உண்டு. 1787இலிருந்து அவர் கொண்டுவந்த ‘மௌலூதி’ என்ற புது ஆண்டுக் கணக்கின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1215 என்ற ஆண்டு காசில் 5121 என்று நிற்கும்.

யாருடைய காசு?

இங்கே நிதானம் வேண்டும். திப்பு போன்ற சிலரைத் தவிர மற்றவர்களின் செப்புக்காசில் ஆண்டு இல்லை. அரசர் பெயரும் பல காசுகளில் இல்லை. தெய்வத்தின் பெயரோ, ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை எழுத்தோ, வெறும் அனுமன், கருடன், பிள்ளையார், சங்கு, நாமம் போன்ற உருவமோதான் இருக்கும். விஜயநகரம் தொடங்கி வைத்த உருவங்களை நாயக்கர்கள் தொடர்ந்தார்கள், மக்கள் நம்பிய உருவத்தை அடுத்த அரசரும் மாற்றாமல் அடித்தார். எனவே விற்பவர் ‘திருமலை நாயக்கர் காசு’ என்று சொன்னால், அந்தப் பெயர் காசில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் குறிப்பில் ‘மதுரை நாயக்கர் வகை, 17ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்’ என்று எழுதினால் போதும். அதுவே நேர்மையான குறிப்பு.

அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நிற்கும் மனித உருவமும், மறுபக்கம் படுத்த நந்தியும் அதன் கீழ் ‘சேது’ என்ற எழுத்தும் உள்ள காசு ராமநாதபுரத்துச் சேதுபதியுடையது அல்ல. அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது, காலத்தால் முந்தியது. அதேபோல் நாகரியில் ‘ஸ்ரீ ராஜா சிவ’ என்றும் ‘சத்ரபதி’ என்றும் உள்ள பருமனான சிவராய்க் காசுகள் மகாராஷ்டிரப் பகுதியில் புழங்கியவை. தஞ்சை மராத்தியர் காசு என்று அவற்றை விற்பார்கள், ஏமாற வேண்டாம்.

போலியை அடையாளம் காண்பது

போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. அசல் காசிலிருந்து அச்சு எடுத்து உருக்கி ஊற்றுவார்கள். லென்ஸில் பார்த்தால் பரப்பில் நுண்ணிய குமிழ்க் குழிகள், ஓரத்தைச் சுற்றி அரத்தால் ராவிய தடம், எழுத்தின் கரையில் கூர்மையின்மை தெரியும். அடித்த காசின் ஓர வெடிப்பு கிழிந்ததுபோல் இருக்கும், வார்த்ததில் அதே வெடிப்பு மழுங்கிய பள்ளமாக இருக்கும்.

உறுதியான சோதனை வேறொன்று. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் ஒரே இடத்தில் வெட்டுப்படாது, ஒரே இடத்தில் வெடிக்காது. இரண்டு காசுகளில் உருவமும், உருவம் வெட்டுப்பட்ட இடமும், ஓர வெடிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் குறைந்தது ஒன்று போலி. பெரும்பாலும் இரண்டுமே போலி. அதனால் இணையத்தில் விற்பனைக்கு வரும் உங்கள் வகைக் காசுகளின் படங்களைச் சேமித்து வையுங்கள். வாங்காத காசும் உங்களைக் காப்பாற்றும்.

சட்டம்

நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்குப் பரிசாக ஒரே ஒரு காசு என்றாலும் கூடாது. தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், பில் கேட்டு வாங்குங்கள். நிலத்தில் புதைந்து கிடைத்ததாக இருந்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொந்தக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்தாலும் இதே விதிதான். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பானையில் சேர்ந்து கிடைத்த காசுகள் எந்தெந்த வகை ஒரே காலத்தில் புழங்கின என்பதைச் சொல்லும். பிரித்து விற்றுவிட்டால் அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

வைக்கும் இடமும் பார்க்கும் இடமும்

மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். பி.வி.சி. காலப்போக்கில் பிசுபிசுத்துச் செம்பைப் பச்சையாக்கும். அமிலமற்ற காகித உறை போதும். உறை மேல் எண், எடை, வாங்கிய நாள், வாங்கிய ஊர், விற்றவர் சொன்ன கிடைத்த இடம் ஆகியவற்றைக் காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதுங்கள். காசு உள்ளே இருக்கும்போது பேனாவை அழுத்தினால் கீறும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம், ராமநாதபுரம் ராமலிங்க விலாசம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை ஆகியவை இந்தப் பக்கம் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள். உங்கள் வரைபடத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் காசில், உங்கள் தாளில் விடுபட்ட மூலை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். காப்பாட்சியரைச் சந்திக்க நேரம் கேட்டால், ‘என் காசு என்ன விலை போகும்?’ என்று தொடங்காமல், ‘இந்த அச்சின் வலது ஓரம் எனக்குக் கிடைக்கவில்லை, உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள்.